நாடகக் கல்லூரிக்குத் தாம்பூலம் வைத்தது

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் தம்பி. எங்கள் தாய்மாமன். நாடக வகுப்புக்குத் தலைவர் என்று சொல்லிக்கொண்டு மே மாத வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்த பேராசிரியர். அவர் சிரித்தால் சிரித்து, அவர் நிறுத்தினால் நிறுத்திய பியூன். ஆறாவது ஆள் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பிற்பாடு அந்தப் பேராசிரியர் அன்றைக்கு அறையில் ஒரே கூட்டம் என்றும், யார் எதற்கு வந்தார்கள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்றும் சாதித்ததுதான். ஐந்து பேர் கூட்டமாம். ஐந்து பேரை நினைவில் வைத்துக்கொள்ள முடியாத மனிதர்தான் பக்கம் பக்கமாக வசனத்தை மனப்பாடம் பண்ணப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார்.

இடம் பெங்களூர். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்குப் பெருமை.

நாங்கள் ஓசூர்க்காரர்கள். அப்பா செத்துப்போன வருஷத்தோடு எனக்குப் பள்ளிக்கூடமும் போயிற்று. ஆறாம் வகுப்புதான். பஸ் கம்பெனி ஆபீசில் டிக்கெட் கிழிக்கிற வேலை, மாதம் முப்பத்தைந்து ரூபாய். தம்பியைப் படிக்கவைத்தேன், எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். தேறின கையோடு கிருஷ்ணகிரியில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியின் பின்னால் சுற்ற ஆரம்பித்தான். வாரத்தில் மூன்று நாள் அங்கேதான். நாடகக்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பஸ் ஆபீசில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். காது மடலில் அரிதாரம் போகாமல் வந்து நிற்பார்கள். டிக்கெட்டுக்குக் காசு குறையும். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஏற்றிவிடச் சொல்லிக் கேட்பார்கள். நான் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தம்பியோ நடிப்பைத் தவிர வேறு எதற்கும் போவதில்லை என்றான். சரி, நடிப்பதுதான் நடிக்கிறான், கையில் ஒரு சர்டிபிகேட்டோடு நடிக்கட்டும் என்று நான் முடிவு பண்ணினேன். சர்டிபிகேட் இருந்தால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையாவது கேட்கலாம். கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்த் தொலைய வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டேன். மூன்று விவரப் புத்தகங்கள் வந்தன.

மெட்ராஸ் புத்தகத்தில் கல்லூரியிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம் என்று பெருமையாகப் போட்டிருந்தது. அதைப் படித்த நிமிஷமே என் கண்ணில் தம்பி மூழ்க ஆரம்பித்துவிட்டான். மூடிவைத்தேன். சேலம் கல்லூரி பகட்டில்லாமல் எழுதியிருந்தது. நாடகத்துக்குத் தனி வகுப்பு கிடையாது, தமிழ் மன்றத்தில் வருஷத்துக்கு இரண்டு நாடகம் போடுகிறோம், நன்றாக நடிக்கிற பையனுக்குப் படிப்புச் சம்பளத்தில் சலுகை உண்டு, விருப்பமானால் ஜூன் பத்துக்குள் வரவும். இவ்வளவுதான். இவ்வளவு நேராக எழுதியிருந்ததாலேயே எங்களுக்கு அதன்மேல் மதிப்பு வரவில்லை.

பெங்களூர்ப் புத்தகம்தான் வழவழ தாளில் இருந்தது. ஒரு வருஷப் படிப்பு, பீஸ் தொண்ணூறு ரூபாய், முடிவில் முத்திரை போட்ட சர்டிபிகேட். நடுப்பக்கத்தில் ஒரே ஆளின் ஒன்பது படங்கள், நவரசமாம். நான் விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்பதிலும் அந்த ஆளுக்கு வயிற்று வலி.

"இதுதான்," என்றார் மாமா.

மாமா சொன்னால் சொன்னதுதான், ஏனென்றால் பணம் அவருடையது. கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் நிலம், புளியந்தோப்பு. கோடையில் பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுவார். சுற்று வட்டாரத்தில் அவருடைய ஜமாவுக்கு, அந்தக் கூத்துக் குழுவுக்கு, பேர் உண்டு. அதனால் நாடகம் என்ற சொல் எங்கே அடிபட்டாலும் அது தன் இலாகா என்று நினைப்பு.

கூத்துக்கு ஒரு முறை இருக்கிறது. ஊர்க்காரர்கள் வந்து தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒன்றேகால் ரூபாய் வைத்து நீட்டுவார்கள். ஜமாவின் வாத்தியார் எடுத்துக்கொண்டால் முடிந்தது. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. மழை வந்தாலும் சாவு விழுந்தாலும் குறித்த நாளில் வந்து ஆடியாக வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் இதை மீறினவன் கிடையாது. இந்த முறை கெலமங்கலத்துக்கு நல்ல முறை. மாமா இதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினார் என்பதுதான் விஷயம்.

பேராசிரியர் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கே தம்பி, கொஞ்சம் கோபம் காட்டு பார்க்கலாம்."

தம்பி வாயைத் திறந்தான். வீட்டில் மாமா பேசிப் பேசிக் காதில் ஏறிப்போன துரியோதனன் வசனம். பியூன் இரண்டடி பின்னால் போனான்.

"மெல்ல, மெல்ல! ரூமுக்குள்ளே இருக்கிறவனுக்குக் கேட்டாப் போதும்," என்றார் பேராசிரியர்.

"அப்போ வெளியே இருக்கிறவன் டிக்கெட் வாங்க மாட்டானா சாமி?" என்று மாமா கேட்டார்.

"அது பழைய காலம். இங்கே நாங்க இயற்கையா நடிக்கக் கத்துக்கொடுக்கறோம்."

"இயற்கையா இருக்கிறதுக்கா தொண்ணூறு ரூபாய் வாங்கறீங்க?"

பேராசிரியர் சிரித்தார். பியூனும் சிரித்தான். பையனுக்கு நல்ல முகவெட்டு, சேர்த்துக்கொள்ளலாம் என்றார். உடனே மாமா பையிலிருந்து பித்தளைத் தட்டை எடுத்தார். வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஒன்றேகால் ரூபாய். மேஜைமேல் வைத்துத் தள்ளினார். பேராசிரியருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"ஓகோ, வெத்தலை! ஆகலி, ஆகலி!" என்று கன்னடத்தில் சொன்னார். ஆகட்டும் என்று அர்த்தம். வெற்றிலையை நீவிச் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டார். காசைப் பார்த்து "இது எதுக்கு?" என்றார். "முறைங்க," என்றார் மாமா. பேராசிரியர் அதைப் பியூன் பக்கம் தள்ளினார். பியூன் ஒன்றேகால் ரூபாயையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தம்பி பூர்த்தி செய்த விண்ணப்பப் பாரம் என்னிடம் இருந்தது. அதை எடுத்து, "சார், இது..." என்றேன்.

"அதெல்லாம் ஆபீஸ்லே கொடுத்துடுங்க," என்று மென்றுகொண்டே சொன்னார்.

மாமா என் தொடையைக் கிள்ளினார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "உனக்குப் புத்தி கித்தி இருக்குதாடா? தாம்பூலம் எடுத்த மனுஷன் முன்னாலே காயிதத்தை நீட்டறியே! உன்னை நம்பலேன்னு மூஞ்சியிலே அடிக்கிற மாதிரி அல்லவா?"

"இல்ல மாமா, அவரே ஆபீஸ்லே கொடுக்கச் சொன்னாரே..."

"அது மருவாதிக்குச் சொன்னது. நீ டிக்கெட் கிழிக்கிறவன். உனக்கு எல்லாமே காயிதம்தான்."

ஆபீஸ் ஜன்னல் எங்களுக்கு இடப்பக்கம் பதினோரு எட்டில் இருந்தது. கண்ணாலேயே எண்ணிப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கிளார்க் சும்மா உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், பஸ் புறப்படுமுன் டயரை மூன்று தடவை பார்க்கிற நான், அந்தப் பதினோரு எட்டு வைக்கவில்லை. மாமா கோபித்துக்கொள்வாரே என்று பயம். எனக்குப் பயத்திலும் ஒழுங்கான பயம் வாய்க்கவில்லை.

சேலத்துக் கல்லூரி பாவம், இன்னொரு கடிதம் போட்டது. பையன் வருகிறானா என்று கேட்டிருந்தார்கள். மாமா என்னையே உட்காரவைத்து எழுதச் சொன்னார். ஒரு இடத்தில் தாம்பூலம் வைத்துவிட்டு இன்னொரு இடத்தைத் தொங்கவிடுவது ஈனப் புத்தியாம். "எங்கள் பையனுக்கு வேறு இடத்தில் தாம்பூலம் ஆகிவிட்டபடியால்" என்று ஒரு கார்டு எழுதிப் போட்டேன். படித்தவர்கள் பையனுக்குக் கல்யாணம் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூலை பிறந்ததும் டிரங்குப் பெட்டி, படுக்கை, அம்மா கட்டிக்கொடுத்த கேழ்வரகு மாவு எல்லாவற்றோடும் போய் இறங்கினோம். கிளார்க் பெரிய நோட்டைத் திறந்து விரலை மேலிருந்து கீழே கொண்டுபோனார். பிறகு கீழிருந்து மேலே கொண்டுவந்தார்.

"இந்தப் பேர் இல்லையே. பாரம் எப்போ கொடுத்தீங்க?"

நான் பாரத்தை எடுத்துக் கொடுத்தேன். வேர்வையில் மசி ஊறியிருந்தது. அவர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். தேதி போய் மூன்று வாரம் ஆயிற்று என்றார்.

மாமா நேரே வகுப்பு வாசலுக்குப் போய்ப் பேராசிரியரை வெளியே கூப்பிட்டார். அப்போதுதான் அந்தக் கூட்டத்துக் கதை வந்தது. "அன்னிக்கு ரூம்லே ஒரே கூட்டம். யார் வந்தாங்க, எதுக்கு வந்தாங்கன்னு எப்படிச் சொல்றது? வெத்தலை மட்டும் ஞாபகம் இருக்கு, நல்லா இருந்துச்சு."

"வெத்தலை ஞாபகம் இருக்குது, பையன் ஞாபகம் இல்லையா?" மாமாவுக்குக் குரல் ஏறிவிட்டது. "என் புள்ளைக்கு ஜுரம் கொளுத்தினப்பக்கூட, வாங்கின தாம்பூலத்துக்காகப் போய் ஆடிட்டு வந்தவன்யா நான்! நீ மென்னு துப்பிட்டு இல்லேங்கறே!"

"ஐயா, நீங்க கொடுத்தீங்க, நான் தின்னேன். இதிலே அட்மிஷன் எங்கே வந்தது?"

வகுப்பிலிருந்த பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் அந்த வருஷம் கேட்ட நல்ல வசனம் மாமா பேசினதுதான் என்று தம்பி பிற்பாடு சொன்னான். எனக்கு இரண்டு பேரையும் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஒருவர் தின்றதை ஒப்புக்கொண்டு கொடுத்த சொல்லை மறுக்கிறார். இன்னொருவர் உலகம் முழுக்கத் தன் ஜமா என்று நினைக்கிறார். நடுவில் என் தம்பியின் ஒரு வருஷம்.

கிளார்க்தான் வழி சொன்னார். ஒரு இடம் மிச்சம் இருக்கிறது. ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் தொண்ணூறு, வெளி ராஜ்யத்துப் பிள்ளைக்கு நூற்றைம்பது. தாமதத்துக்கு அபராதம் ஏழரை ரூபாய். ராஜ்யங்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓசூர் எங்களுடையது என்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மேடை போட்டுத் தொண்டை கிழியக் கத்தினார்கள். வரும் வழியில்கூட ஒரு சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். பீஸ் கட்டுகிற ஜன்னலில் மட்டும் ஓசூர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மாமா சுத்தமான கன்னடத்தில் வாதாடினார். கிளார்க் கன்னடத்தை மெச்சிவிட்டு நூற்றைம்பதையே எழுதினார்.

மாமாவிடம் இருந்தது தொண்ணூற்றைந்து. மீதி அறுபத்திரண்டரைக்கு ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். பொங்கலுக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் சர்டிபிகேட் கிடையாது. தாம்பூலத்தை நம்பாத இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மாமா வெளியே போய் நின்றுகொண்டார்.

"அண்ணே, வேணாம்னா திரும்பிடலாம்," என்றான் தம்பி.

திரும்பினால் எங்கே? சேலத்தை நானே எழுதி மூடிவிட்டேன். கிருஷ்ணகிரியில் அந்தக் கொட்டகை இன்னும் பிரிக்கப்படவில்லை. கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் தொகையை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

அந்த ஒரு வருஷத்தில் அவர்கள் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், மேடையின் மூலை முடுக்குக்கெல்லாம் இங்கிலீஷில் பேர் சொல்லிக்கொடுத்தார்கள். மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்டு விழா நாடகத்தில் தம்பிக்கு வாயிற்காவலன் வேஷம் கொடுத்தார்கள். "யார் அங்கே?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதையும் இயற்கையாகக் கேட்க வேண்டும். விடுமுறையில் வந்தவன் பேசின பேச்சில் சத்தமே இல்லை. அம்மா தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

பொங்கலுக்குள் என்னால் கட்ட முடியவில்லை. இருபது ரூபாய் சேர்த்தேன், வீட்டு ஓடு மாற்றப் போயிற்று. படிப்பு முடிந்து சர்டிபிகேட் கொடுக்கிற விழாவில் என் தம்பி பேரைப் படிக்கவில்லை. பேராசிரியர் மேடையில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தாராம்.

பதினைந்தே நாள். நான் எதற்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அது நடந்தது. அந்தக் கம்பெனி அப்போது திருப்பத்தூருக்குப் போயிருந்தது. தம்பி அங்கே போய் நின்றான். பெங்களூரில் ஒரு வருஷம் படித்தேன், சர்டிபிகேட்டை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறான்.

"அது எதுக்குடா எனக்கு? கடைசி பெஞ்சுக்குக் கேக்குமா, அதைச் சொல்லு," என்றாராம் முதலாளி.

ஒரு வருஷமாக அமுக்கிவைத்த வாயைத் திறந்திருக்கிறான். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். சாப்பாடு போட்டு மாதம் இருபத்தைந்து.

இப்போது ஊர் ஊராகப் போகிறான். ஒவ்வொரு ஊரிலிருந்தும் கார்டு வருகிறது. ஒவ்வொரு கார்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: அண்ணா, அந்தக் காகிதத்துக்கு ஒரு காசு கட்டாதே. மாமாவும் கட்டக்கூடாது என்கிறார், அவர் காரணம் வேறு. அவர்களுக்கென்ன, சொல்லலாம். ஜாமீன் பாரத்தில் இருப்பது என் கையெழுத்து. போலீஸ் வருமா, பஸ் கம்பெனிக்கு எழுதிவிடுவார்களா என்று தபால்காரன் சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம். அப்படிப் பயந்தாலும், 'யார் அங்கே' என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவனுக்குக் கட்ட மனசு வரவில்லை.

கிளார்க் மட்டும் மறப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு நோட்டீஸ் தவறாமல் வருகிறது. அணா போய் நயா பைசா வந்த பிறகு, கணக்கை மாற்றிச் சுத்தமாக எழுதியிருக்கிறார்: பாக்கி அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது நயா பைசா.