தட்டையாக்கிய பெட்டிகள்

யோத்தேபாவை ஊரில் கஞ்சன் என்பார்கள். அவன் கஞ்சன் இல்லை, பயந்தவன். எங்கள் தராவாத் தீவில் பழைய இரும்பு சேர்க்கிறவன் பயந்துதான் ஆகவேண்டும். சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்ல எங்களுக்கு வழியே இல்லை. புபூசி என்போம் அதை. போன தடவை அப்படிக் கேட்டுக் கேட்டே அவன் சரக்கில் பாதியைக் கொண்டுபோய்விட்டார்கள். அரைக் கன்டெய்னரை ஏற்ற மாட்டேன் என்று கப்பல் போய்விட்டது.

இந்தத் தடவை ஆபீஸ்களில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் பெட்டிகள் அவன் வேலியோரம் குவிந்து கிடந்தன. மனைவியின் தம்பி தபுவாக்கா வந்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன மச்சான், கம்ப்யூட்டர் படிக்கப் போறியா?"

"கடல் பெருசா ஏறப்போகுதாம். நம்ம கிழங்குக் குழிக்குக் கரை கட்டணும். இதுக்குள்ள கல்ல ரொப்பி அடுக்கினா..."

"மொதல்ல வந்து மீன் சாப்பிடு." கேள்வி முழுசாக வெளியே வருவதற்குள் யோத்தேபா அவன் வாயை அடைத்து அனுப்பிவிட்டான்.

ரோசியா புருஷனை முறைத்தாள். "அந்தக் குழியிலதான் நீயும் திங்கிற. உப்புத்தண்ணி எறங்கினா அது செத்துச்சு."

"கடல் வருஷா வருஷம் ஏறுது. கப்பல்தான் நிக்காது."

விடிந்ததும் ஆரம்பித்தான். பக்கத் தகடுகளை உருவி, ஒயர்களைப் பிடுங்கி, மூலையில் ஓங்கி உதைத்தால் சட்டம் சாய்ந்து மடங்கும். மேலே சிமென்ட் நிரப்பிய டிரம்மை உருட்டினால் பாய் மாதிரி படுத்துவிடும். தட்டையானதை எவன் கேட்கப்போகிறான்? ஒன்றுவிடாமல் நசுக்கினான்.

கப்பல் வருவதற்கு முன்பே கடல் வந்தது. பட்டப்பகலில் அலை ரோட்டைத் தாண்டிக் குழிப்பக்கம் இறங்கியது. யோத்தேபா கடப்பாரையோடு ஓடிப்போய் நசுக்கிய பெட்டிகளை நெம்பினான். தகடு கிழிந்ததே தவிர, ஒன்றுகூட விரியவில்லை. கையெல்லாம் ரத்தம்.

தபுவாக்கா கல் மூட்டையோடு வந்து நின்றான்.

"மச்சான், உங்கிட்ட கேக்குறேன். முழுப்பெட்டி எதாவது இருந்தா குடு."

வாய்விட்டு அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. யோத்தேபா கடப்பாரையைக் கீழே போட்டான்.

"இல்ல, மச்சான்."

அதற்குள் ரோசியா இடுப்பளவு உப்புத் தண்ணீரில் இறங்கி, முற்றாத கிழங்குகளைப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தாள்.