அன்ரி வீட்டில் ஒரு குறையுமில்லை

ரொறன்ரோ, 1987. பக்கத்து அப்பார்ட்மெண்ட் அன்ரிக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு. இன்று அவருக்கு மொழிபெயர்க்க கிளினிக்குக்குப் போனேன்.

"வீட்டில் சாப்பாடு போதாவிட்டால் சொல்லட்டும். இலவச உணவு வங்கிக்குத் துண்டுச் சீட்டு எழுதித் தருகிறேன்" என்றார் டொக்டர்.

"ஒரு குறையுமில்லையெண்டு சொல்லு, தம்பி" என்றார் அன்ரி.

மூன்று நாளாக அன்ரிக்கு வெறும் பாண் ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும்தான். எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படியே சொன்னேன்.

சாப்பாடு சரியென்றால் மருந்துதான் போதவில்லை என்று டொக்டர் குளிசையைக் கூட்டிவிட்டார்!

"சாப்பிடாமல் இவ்வளவு குளிசை போட்டால் மயங்கி விழுவியள்!" என்று வெளியே வந்ததும் அன்ரியிடம் கத்தினேன்.

"வெள்ளைக்காரனுக்கு முன்னாலை வயித்தைக் காட்டுறதே?" என்றார்.

சத்தம் கேட்டு வந்த நர்ஸ், "உங்கள் வீட்டில் சாப்பாடு எப்படி?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு பிரச்சினையுமில்லை" என்றேன்.

நேற்று எனக்கும் வெறும் பாண்தான்.

அங்கே ஊரில் உங்கள் வீட்டில் எப்படி? பொய் சொல்லாமல் எழுதுங்கள்.