டோக்கன் வாங்காத சித்தி

சித்திக்கு என் அம்மாவோடு எதிலும் போட்டிதான். அம்மா புதுத் திரைச்சீலை போட்டால் அடுத்த வாரமே சித்தி வீட்டு ஜன்னலிலும் ஒன்று தொங்கும். ஓரகத்திகள் என்றால் அப்படித்தான் என்று அப்பா சிரிப்பார். நோயிலும் போட்டி வரும் என்று நான் நினைத்ததில்லை.

சித்தி தையல்காரி. ஒரு வருடமாக அவள் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன, கத்தரிக்கோல் நழுவுகிறது. கை போனால் பிழைப்பும் போச்சு. குடும்ப டாக்டர், "வேலை ஜாஸ்தி, வேறொண்ணுமில்ல" என்று வலி மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார். போன வாரம் அம்மாவும் விரல் மரத்துப்போகிறது என்று என்னைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனாள். அவளுக்கு நரம்புப் பரிசோதனை, பெரிய டாக்டருக்குச் சீட்டு. செய்தி காதுக்கு எட்டியதும் சித்தி தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, நம்ம குடும்பத்துல காலேஜ் முடிச்சவ நீ ஒருத்திதானே? டாக்டர் மேல புகார் எப்படிக் குடுக்கிறது, சொல்லு."

எனக்கும் தெரியாது. பட்டம் வாங்கியவளுக்கு எல்லாம் தெரியும் என்ற அவர்கள் நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல், கைபேசியில் தேடிப் படித்துச் சொன்னேன். முதலில் கிளினிக்கிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது, நமக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான். அங்கே கேட்கவில்லை என்றால்தான் மருத்துவக் கவுன்சில்.

"எழுது. உங்கம்மாவை நாற்காலியில உக்கார வச்சு அரை மணி நேரம் பாத்தாரு. ஒரு பட்டன் தைக்கத் தெரியாதவ! அவ கைக்கு என்னடி அவ்வளவு மவுசு?"

"உங்க கையை எப்படிப் பாத்தாரு? அதைச் சொல்லுங்க சித்தி."

"எங்க பாத்தாரு? அவரு கையைத் தூக்கிட்டு நிப்பாரு, நான் மார்பு அளவு எடுப்பேன். அப்படியே கேட்டுக்குவேன்." குரலில் பெருமை. "அவரோட வெள்ளைக் கோட்டெல்லாம் நான்தானே தைக்கிறேன்? உங்கம்மா மாதிரி டோக்கன் வாங்கிக் காத்துக் கிடக்கணுமா?"

சொல்லி முடித்ததும் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே சங்கடமும். ஆனால் தப்பு இவள்மேல் மட்டுமா? அளவு கொடுத்தபடியே வைத்தியம் பார்த்தவர் டாக்டர்தானே? அம்மாவோடு போய்ப் பேசிய நான், இவளோடு ஏன் போகவில்லை?

அம்மாவைப் பற்றி எழுதியிருந்த வரிகளைக் கோடு போட்டு அடித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்: 'ஒரு வருடமாகக் கையைப் பார்க்காமலே மாத்திரை தந்திருக்கிறீர்கள். முறையாகப் பரிசோதிக்க வேண்டும்.'

மறுநாள் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அட, நீங்க எதுக்கும்மா வெளியில? கோட்டு ரெடியா?"

"கோட்டு இல்ல டாக்டர். புகார்."

வாங்கிப் படித்தவரின் முகம் சுருங்கியது. "என்னம்மா, நமக்குள்ள புகாரா?"

"நமக்குள்ளன்னு இருந்துதான் டாக்டர், என் கை இப்படிக் கிடக்கு."

அவர் நாற்காலியைக் காட்டினார். ஒவ்வொரு விரலாக அழுத்தி, குத்தி, வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே பெரிய டாக்டருக்குப் போன் செய்து நாள் வாங்கினார்.

படியிறங்கும்போது சித்தி கேட்டாள்:

"உங்கம்மாவுக்கு என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க?"

"வெள்ளிக்கிழமை."

"எனக்குப் புதன்" என்றாள்.