நாற்பது மில்லிமீட்டர் இறக்கம்

எங்கள் வண்டிக்கு வாரத்தில் தவறவே கூடாத வேலை ஒன்றுதான். ஞாயிறு காலை ஏழரை மணித் தமிழ்ப் பூசைக்கு அம்மாவைக் கொண்டுபோய் மாதா கோயில் வாசலில் இறக்கிவிட வேண்டும். அதில் நான் பள்ளிக்கூடம் போய்வருவதும், பிரேசர் டவுனில் போய் இறைச்சி வாங்கிவருவதும் உபரி வேலைகள். இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகி மூன்று மாதம் வீட்டோடு கிடந்தபோது அம்மா வலிக்காக அழவில்லை. பூசைக்குப் போக முடியவில்லையே என்றுதான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்க முடியாமல்தான் இந்தச் சின்ன செகண்ட் ஹாண்ட் காரை வாங்கிப் பெங்களூர் லிங்கராஜபுரத்து வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

அப்படிப்பட்ட வண்டியை நாற்பது மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். பெரிய காரணமெல்லாம் கிடையாது, அழகுக்குத்தான். டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவில் நான்கு விரல் தாராளமாகப் புகும் இடைவெளி இருந்தது. கணுக்காலுக்கு மேலே பேண்ட் ஏறி நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் சிக்னலில் அதே மாடல் கார் ஒன்று தரையோடு தரையாக வந்து பக்கத்தில் நின்றது. பச்சை விழுந்ததும் தெரியவில்லை, பின்னால் இருந்தவர்கள் கன்னடத்திலும் தமிழிலும் திட்டியதும் காதில் விழவில்லை. நாற்பத்தாறு வயதில், கணக்கு டீச்சராக இருந்துகொண்டு, கல்யாணமும் வேண்டாம் என்று விட்டவளுக்கு இப்படி ஓர் ஆசை வரக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“பையனுக்கா மேடம்?”

“எனக்குத்தான்.”

“சார் என்ன சொல்றாரு?”

“சாரே இல்ல.”

அவர் என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். “நக்கோ மேடம், வேணாம். நம்ம ரோடு இருக்கற லட்சணத்துக்கு ஜனங்க வண்டிய மேல தூக்கிட்டிருக்காங்க. நீங்க கீழ இறக்குங்கறீங்க.”

வாய்தான் வேண்டாம் என்றது. உயரம் குறைந்த ஸ்பிரிங் நான்கை வரவழைத்து, ஒரே நாளில் மாட்டி, சாயங்காலம் நான் போனபோது ஐந்தடி பின்னால் தள்ளி நின்று தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வளைவுக்கும் டயருக்கும் நடுவில் இப்போது இரண்டு விரல்தான். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். “என்னாடி, நாலு டயர்லயும் காத்து எறங்கிப்போச்சா?”

விளக்கினேன். பிடிக்காத வரனின் ஜாதகத்தைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகப் போய்ச் சாமியாரை அழைத்துவந்து வண்டிக்கு முன்னால் நிறுத்தினாள். மந்திரிக்க வேண்டுமாம்.

“போன வருஷம்தானேம்மா மந்திரிச்சோம்?” என்றார் அவர்.

“அப்ப உயரமா இருந்துச்சு ஃபாதர். இப்ப உருவமே மாறிப்போச்சு.”

உயரம் குறைந்தால் பழைய ஆசீர்வாதம் செல்லுமா செல்லாதா என்று திருச்சபை இன்னும் முடிவுசெய்யவில்லை போலும். சாமியார் வாதாடாமல் தீர்த்தம் தெளித்தார். வண்டியைவிட என் முகத்தில்தான் அதிகம் விழுந்தது.

அதன்பிறகு ஹம்ப்கள். பெங்களூரில் வேகத்தடையை ஹம்ப் என்போம்; ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும், அளவும் கிடையாது, வெள்ளைக் கோடும் கிடையாது. இறக்கிய வண்டியை அதன்மேல் நேராக ஏற்றினால் வயிறு உரசும். குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். அதற்குள் பின்னால் வருகிற பஸ்காரர் நம் பரம்பரையையே விசாரித்து முடித்துவிடுவார். கோயில் கேட்டிலேயே ஒரு ஹம்ப் இருந்தது. முதல் ஞாயிறே, பூசை தொடங்கும் வருகைப் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அதில் கர்ரக் என்று உரசினேன். கடைசி நான்கு வரிசையும் திரும்பிப் பார்த்தது. அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

நான் கணக்கு டீச்சர் இல்லையா, யோசித்தேன். அம்மா முன்சீட்டில் இருந்தால் இடதுபக்க முன்சக்கரம் தாழ்கிறது, அதனால் உரசுகிறது. எடையைப் பகிர்ந்தால் தீர்ந்தது. மறுவாரமே அவளைப் பின்சீட்டில், எனக்குப் பின்னால் உட்காரவைத்தேன். உரசல் நின்றது. அவள் எடையை நான் சொல்லிக்காட்டிவிட்டதாக அம்மா இரண்டு நாள் பேசவில்லை என்பது தனிக்கதை. பின்சீட்டிலிருந்து இறங்க அவளுக்கு நேரம் அதிகமாயிற்று. கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு உம் உம் என்பாள். புடவை மாட்டிக்கொள்கிறது என்றாள். நானும் புடவை என்றே நினைத்தேன்.

இதற்கு நடுவில் ஸ்டீயரிங் இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. அலைன்மென்ட் கடையில் நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டித் திரையில் எண்களைக் காட்டினார்கள். சரியாக இருப்பது பச்சை, தப்பாக இருப்பது சிவப்பு. சக்கரங்கள் முன்பக்கம் உள்ளே பார்க்கின்றனவா, வெளியே பார்க்கின்றனவா என்பதை டோ என்றார் கடைக்காரர். அதைத் திருகிப் பச்சையாக்கினார். சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருப்பது கேம்பர். வண்டியை இறக்கினால் இது வந்தே தீருமாம். அது சிவப்பாகவே நின்றது.

“இத இந்த வண்டியில திருப்ப முடியாது மேடம். தனியா ஒரு போல்ட் இருக்கு, வரவழைச்சுப் போடணும். அது வரைக்கும் மாசத்துக்கு ஒருவாட்டி வீலை முழுசா ஒடிச்சு உள்பக்கம் பாருங்க. உள்பக்கம்தான் தேயும்.”

எவ்வளவு சிவப்பு என்று கேட்டேன். ஒன்றரை டிகிரி கூடுதல் என்றார். விடைத்தாளில் ஒரு டிகிரி பிசகினால் ஈவிரக்கம் இல்லாமல் மதிப்பெண்ணைப் பிடுங்குகிற நான், ஒன்றரை டிகிரிதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். டயரைப் பார்க்காமலும் இல்லை. மாதம் தவறாமல் பள்ளிக்கூட ஸ்கேலைப் பள்ளத்தில் விட்டு ஆழம் அளந்து நோட்டில் குறித்தேன். எல்லாம் வெளிப்பக்கத்துப் பள்ளம். குனிந்து உள்ளே பார்த்தால் சுடிதார் அழுக்காகும்.

ஐந்தாவது மாதம் அம்மா ஒரு ஞாயிறு ஜலதோஷம் என்றாள். அடுத்த ஞாயிறு தலைசுற்றல். மூன்றாவது ஞாயிறு, “நான் ஃபோன்லயே பூசை பாத்துக்கறேன்டி. அதுல பாட்டு தெளிவா கேக்குது, பக்கத்துல யாரும் இருமறதில்ல” என்றாள். பூசைக்காக மூன்று மாதம் அழுதவள் இப்படிச் சொன்னால் ஒரு மகளுக்குச் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஞாயிறு காலை ஓய்வாகக் கிடைத்ததில் மகிழ்ந்தேன். அம்மா இல்லாத வண்டியை ஆனேக்கல் ரோடுவரை ஓட்டிப்போய், வழியில் டீ குடித்து, நிறுத்தி வைத்து எதிர்ப்பக்கம் நின்று ரசித்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் கடை. ஏதாவது ஒன்று கடகடக்கும், எதையாவது முடுக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டாலும் போவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, வண்டி நடுங்குகிறது என்று கொண்டுபோனேன். மெக்கானிக் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரின் உள்பக்கம் கையை விட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரலில் ரத்தம். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளிப்பக்கம் புது டயர் மாதிரி பள்ளமும் மேடுமாக இருந்தது. உள்விளிம்பில் ரப்பர் என்பதே இல்லை, சுற்றிலும் கம்பி பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த சக்கரமும் அதே கதி.

“இதுல யாரக் கூட்டிட்டுப் போவீங்க மேடம்?”

“அம்மாவை.”

 அவர் வண்டியிலிருந்து சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புது டயர் வரும்வரை தரமாட்டாராம்.  எத்தனை ஞாயிறு அந்தக் கம்பிமேல் அம்மாவை உட்காரவைத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஹம்ப் ஏற்றியிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு நடந்தேன். வழி கோயிலைத் தாண்டித்தான். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கன்னடப் பூசை. அதைப் பார்த்தால் ஞாயிறு பூசைக் கணக்கில் சேர்ந்துவிடும். கேட்டில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைத் தொங்கப்போட்டு, ஒரு முனகலும் இல்லாமல் இறங்கி நிமிர்ந்தாள் ஒரு பெண்மணி. என் அம்மா.

என்னைப் பார்த்ததும் திருடுகையில் மாட்டிக்கொண்டவள்போல் முழித்தாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

“எத்தன வாரமா நடக்குது இது?”

“ஆறு வாரமா. கத்தாத, கோயிலு.”

“ஃபோன்ல பூசை பாக்கறேன்னியே?”

“அதையும் பாக்கறேன்.”

“என்கிட்ட சொன்னா என்ன?”

அம்மா ஆட்டோ போகும்வரை காத்திருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். “உன் வண்டியில உக்காந்தா எந்திரிக்க முடியலடி. மடியில தலை இடிக்கற அளவு குனிஞ்சு, முட்டியில பாரம் போட்டு எழுந்தா உயிரு போயி உயிரு வருது. கடைசி வாட்டி ரெண்டு பொம்பளைங்க கையப் புடிச்சு இழுத்தாங்க. நீ முன்னாடி உக்காந்து பார்க்கிங் எங்கன்னு பாத்துட்டிருந்தே.”

“சொல்லியிருந்தா மறுநாளே ஏத்தியிருப்பேனே!”

“தெரியும். அதனாலதான் சொல்லல.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஸ்கூலு, என் மாத்திரை, என் பூசைன்னே ஓடுற. உனக்குன்னு ஆசைப்பட்டு நீ பண்ணது இது ஒண்ணுதான். அதையும் நானே புடுங்கணுமா?”

 அவளோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்குக் கன்னடத்தில் காய்கறி பேரம் பேச வரும், பஸ் கண்டக்டரோடு சண்டைபோட வரும், பாட வராது. தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவை விட ஒரு வரி முன்னால் ஓடிக் கத்துகிறவள், பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். ஆறு வாரமாக இப்படி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அவள் கையை நான் விடவே இல்லை.

திங்கட்கிழமை பழைய ஸ்பிரிங்குகளையே மாட்டச் சொன்னேன்.

“எவ்ளோ ஜோரா இருந்துச்சு மேடம், ஏன்?” என்றார் மெக்கானிக்.

“அம்மாவால இறங்க முடியல.”

 அவர் அடுத்த வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு என்னுடையதைத் தூக்கினார். இரண்டு புது டயர் வந்தது. மறுபடி அலைன்மென்ட் கடை. திரையில் இந்த முறை எல்லா எண்ணும் பச்சை. எனக்கு அதைப் பார்க்க ஒரு சந்தோஷமும் இல்லை, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஞாயிறு காலை அம்மா முன்சீட்டில் ஏறினாள். கோயில் கேட்டு ஹம்பில் நேராக ஏறி நேராக இறங்கினோம். யாரும் திரும்பவில்லை. அவளே கதவைத் திறந்து, இரண்டு காலையும் தரையில் வைத்து, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் போகாமல், இரண்டடி பின்னால் தள்ளி நின்று வண்டியை முன்னும் பின்னும் பார்த்தாள்.

“அசிங்கமா இருக்குடி,” என்றாள். “கீழ இருந்தப்பதான் அழகா இருந்துச்சு. போறப்ப வரப்ப ஜன்னல் வழியா பாத்துட்டே இருப்பேன்.”

சொல்லிவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இறங்கவில்லை. எனக்கு முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அந்தப் பாட்டு முடியும்வரை அழுதேன், துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினேன், அதற்கப்புறம் உள்ளே போனேன்.