இடது தோளில் கொஞ்சம் வெள்ளைத் துணி

கொடைக்கானல் பஜாரில் எங்களுக்குத் துணிக்கடை. சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்வெட்டர், குல்லா, சால்வை. ஊர்க்காரர்களுக்கு நைட்டி, உள்பாவாடை, லுங்கி. ஆள் படியேறும்போதே அளவு சொல்லிவிடுவேன். அந்தத் திமிரோடுதான் என் மாமிக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, முதியோர் இல்லத்தில் உடுத்த ஒரு கட்டு நைட்டி எடுத்து வைத்தேன்.

இல்லம் செண்பகனூர் பக்கம் இருக்கிறது. எங்கள் வீடு கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி. இடுப்பெலும்பு முறிந்த பிறகு மாமியால் அதில் ஏற முடியவில்லை. ஞாபகமும் கழன்றுகொண்டே வந்தது. கடையையும் அவரையும் சேர்த்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் திராணி இல்லை, கொண்டுபோய் விட்டோம். இதைச் சொல்லும்போது நான் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வராது. மாமிக்கும் எனக்கும் பெரிய ஒட்டுதலும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரே கல்லாவுக்குப் பக்கத்தில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

மாமனார் மௌத்தானதிலிருந்து மாமிக்கு வெள்ளைப் புடவைதான். இல்லத்தில் புடவை கூடாது என்று பொறுப்பாளர் சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு அம்மாவின் முந்தானை சக்கர நாற்காலியில் சிக்கி அவர் விழுந்துவிட்டாராம். அதனால் துப்பட்டா, நீளச் சால்வை எதற்கும் அனுமதி இல்லை. உடுப்பு தலைவழியாகப் போட்டு இழுத்துவிடுகிற மாதிரி இருக்க வேண்டும். கொக்கி வேண்டாம், கயிறு வேண்டாம். மழைக்காலத்தில் எதுவும் காயாது என்பதால் கனமான துணியும் வேண்டாம். எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. அகலக் கை, முன்னால் ஜிப், மெல்லிய பருத்தி என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். மாமிக்கு நன்றாகவே பொருந்தியது.

கொஞ்ச நாளில் சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஆம்பளைங்க யார் வந்தாலும் பாட்டி நைட்டியை முன்னாடி தூக்கிடுறாங்க. டாக்டர் வந்தாலும் சரி, தண்ணி கேன் போடுறவர் வந்தாலும் சரி. ஹால்ல மத்தவங்களோட விசிட்டர்ஸ் இருக்காங்க. இப்படியே போனா பின்னாடி ரூமுக்குத்தான் மாத்தணும்."

பின்னறையை நான் பார்த்திருக்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே மதில். மாமி இருந்ததோ முன்ஹால். பெரிய கண்ணாடி ஜன்னல், வெயில், ரோட்டில் போகும் டவுன் பஸ். ஆயுசு முழுக்கக் கடைவாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்த மனுஷி அவர். மிஞ்சியிருந்தது அந்த வேடிக்கை ஒன்றுதான். அதையும் பிடுங்கினால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முகம் சுண்டிப்போனது. "எங்கம்மாவா? நான் போறப்ப ஒருநாளும் அப்படிச் செஞ்சதில்லையே" என்றார். பிறகு அவரே ஒரு சமாதானமும் கண்டுபிடித்தார். "மகன்னு தெரியுதுல்ல. அதான் எம்முன்னாடி ஒழுங்கா இருக்காங்க."

உள்ளே பைஜாமா போட்டுப் பார்த்தோம். நைட்டி மேலே போவது நிற்கவில்லை. கடைசியில், முதுகுப் பக்கம் ஜிப் வைத்து, மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பு ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது என்று சிஸ்டர் காட்டினார். போட்டால் போட்டதுதான், அவராகக் கழற்றவோ தூக்கவோ முடியாது. கைக்குழந்தைக்குப் போடுகிற சட்டையைப் பெரிதாக்கின மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஆர்டர் போட்டேன்.

அது வந்து சேருவதற்குள் ஒருநாள் மாமிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீசர் ரிப்பேர்காரர் பெட்டியோடு ஹாலுக்குள் வந்தார். மாமி நிமிர்ந்து பார்த்தார். வலது கை இடது தோளுக்குப் போய்த் தடவியது. முதுகுப் பக்கம் துழாவியது. அங்கே ஒன்றும் அகப்படவில்லை. அவசரமாகக் குனிந்து, கைக்குக் கிடைத்த துணியை, நைட்டியின் கீழ்விளிம்பை, தலைக்கு இழுத்தார்.

நான் துணியைப் பிடித்துக் காலை மூடினேன். கடைக்குள் ஆண்பிள்ளை யாராவது நுழைந்தால் மாமியின் கை தோளில் கிடக்கும் முந்தானைக்கு அப்படித்தான் போகும். முக்காட்டை இழுத்துவிட்ட பிறகுதான் "என்ன வேணும்" என்று கேட்பார். தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். வெட்கம் கெட்டுவிட்டது என்று நாங்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்த மனுஷி வெட்கப்பட்டுத்தான் அதைச் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த முறை போகும்போது கடையிலிருந்து ஒரு குல்லா எடுத்துப்போய் மாட்டிவிட்டேன். தலைதானே மூட வேண்டும் என்பது என் கணக்கு. மாமி அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, பழையபடி தோளைத் தடவினார். மூடியிருப்பது போதாது போலிருக்கிறது, அந்த நேரத்துக்குத் தன் கையால் இழுத்துவிட வேண்டும்.

கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். வெள்ளை மல்துணியில், தோளிலிருந்து தலையைச் சுற்றி மறுகாது வரை எட்டுகிற அளவுக்கு மட்டும் வெட்டினேன். சக்கரத்துப் பக்கம் போகாது. ஓரம் அடித்து, ஒவ்வொரு நைட்டியின் இடது தோளிலும் டிச் பட்டன் வைத்து மாட்டினேன். எதிலாவது சிக்கினால் தானாகக் கழன்றுவிடும். சிஸ்டர் பலமாக இழுத்துப் பார்த்தார், கையோடு வந்தது. "சரி, போட்டுப் பார்ப்போம்" என்றார்.

டாக்டர் வந்த அன்று சிஸ்டர் போன் செய்தார். "பாட்டி முக்காடு போட்டுக்கிட்டு அமைதியா உட்கார்ந்திருக்காங்கம்மா. முன்னாடி ஹால்லயே இருக்கட்டும்." பார்சலில் வந்த உடுப்பைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரரிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிக்காட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு அவரும் என்னோடு வந்தார். மாமிக்குப் பிடிக்கும் என்று பிளம்ஸ் பழம் வாங்கியிருந்தார். நான் முன்னால் போய் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

மாமி நிமிர்ந்து பார்த்தார். வலது கை இடது தோளுக்குப் போனது. இந்தத் தடவை துணி அகப்பட்டது. அதை இழுத்து நெற்றி வரை விட்டுக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். கடையில் எப்படிச் செய்வாரோ அதே மாதிரி, ஒரு பிசகும் இல்லை.

"நல்லா வேலை செய்யுதும்மா" என்றார் சிஸ்டர், பின்னாலிருந்து.

என் வீட்டுக்காரர் பழப்பையோடு நின்ற இடத்திலேயே நின்றார். மாமி என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னார்.

"யாவாரத்துக்கு யாரோ வந்திருக்காக, பாரு. உள்ள எம் மவன் இருப்பான், வெரசா கூப்புடு."