கூட்டி வைத்த சுருதி

துறைமுகத்தை விட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றிடம் வாங்கிய பியானோ, ஓர்ஸ் ஹில் மேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தது. உப்புக்காற்று அதன் கம்பிகளைத் தின்றுவிட்டது. கொழும்பிலிருந்து வந்தவர் புதுக் கம்பிகள் மாட்டி, ஒருமுறை சுருதி கூட்டிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். அடுத்த நாளே எல்லாம் இறங்கிவிட்டது. புதுக் கம்பி இழுபட்டு இழுபட்டுத்தான் நிலைக்குமாம். அதைச் சொல்லாமல் போன மனுசனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

திட்டி என்ன பயன்? மாத முடிவில் என் மனைவியின் மாணவிகளுக்குப் பியானோப் பரீட்சை. எங்கள் வீட்டுக்கு வருகிற பரீட்சகருக்கு வாத்தியம் திருப்தியில்லையென்றால் பிள்ளைகள் கொழும்புக்குப் போய்த்தான் வாசிக்க வேண்டும். அவ்வளவு தூரம் அனுப்ப எந்தத் தகப்பனும் சம்மதிக்கமாட்டார். ஒரு வருட உழைப்பு அதோடு போய்விடும்.

முன்பும் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்திருந்த மனைவி, பியானோவோடு வந்த, கம்பி முறுக்கும் சுருதித் திறப்பைத் தானே கையில் எடுத்தாள். பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று கம்பிகள். ஒன்றைக் கம்பளித் துண்டால் அடக்கிவிட்டு மற்ற இரண்டையும் ஒலிக்கவிட்டால், சேராத வரை ஒலி நடுங்கும். திருகத் திருக நடுக்கம் மெதுவாகி, ஓரிடத்தில் இல்லாமலே போகும். அந்த இடத்தை அவள் காது தப்பாமல் பிடித்தது. நாள்தோறும் கம்பிகள் இறங்கின, நாள்தோறும் அவள் ஏற்றினாள். எனக்குக் கிடைத்த உத்தியோகம் சத்தம் வராமல் பார்ப்பது. மின்விசிறியை நிறுத்தினேன், பக்கத்து வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினேன், முற்றத்துக் காகங்களோடு மல்லுக்கு நின்றேன். கப்பல் ஊதினால் மட்டும் அது ஓயும்வரை இருவரும் காத்திருந்தோம்.

பரீட்சைக்கு முதல் நாள் அவள் முடித்ததும், சரியான சுருதியைக் காட்டும் இசைக்கவையைத் தட்டிப் பார்த்தேன். கோயில் பாடகர் குழுவில் பாடிய காது எனக்கும் உண்டு. பியானோ கவையைவிட மேலே நின்றது.

"கூடிப்போச்சு. நீர் கவனிக்கேல்லையோ?"

"ஓம், தெரிஞ்சுதான் கூட்டினனான். விடிய இறங்கி வரும்."

"இறங்காட்டி?"

"இவ்வளவு நாளும் எவ்வளவு இறங்குதெண்டு பாத்துக்கொண்டுதானே இருந்தனான்," என்றாள்.

காலையில், பரீட்சகர் வருமுன், அவள் கவையைத் தட்டிப் பியானோக் கட்டையை அழுத்தினாள். இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. துளி நடுக்கமும் இல்லை. இப்படி ஒருத்தியைக் கட்டியிருக்கிறேனே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பரீட்சகர் சில கட்டைகளைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, முதல் பிள்ளையை வரச் சொன்னார்.

கதவுக்கு அப்பால் வாசிப்புத் தொடங்கியது. விறாந்தைக் கதிரையில் இருந்தவளிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். கொப்புளம் கண்ட உள்ளங்கைகள் மடியில் விரிந்து கிடக்க, அவள் நித்திரையாகிவிட்டாள். நான் மெல்ல எழுந்து காகம் கலைக்கப் போனேன்.