கடதாசி வேலை

பக்கத்து வீட்டு மார்கிரெட் ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எனக்கு என்ன வேலை என்று கேட்டா. "ஐ பிளே" என்றேன். "ஓ, லவ்லி! என்ன வாத்தியம்?" என்று கையைத் தட்டினா. திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் என்னைச் சங்கீதக்காரன் என்றே நினைத்துக்கொண்டு, ஏன் சத்தமே கேட்பதில்லை என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் விசாரிக்கிறா. என் பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்களாம். மூத்தவள் "தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்து அழுதாளாம். அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் உள்ளவர்களும் வாசிக்கட்டும்.

நான் போக்கர் என்ற சீட்டாட்டம் விளையாடி உழைக்கிறேன். அதற்கு முதல் செஸ்காரன். வேலணைத் தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போட்டிக்குப் போனால், பட்டணத்துப் பெடியள் "தீவான் வந்திட்டான்டா" என்று சிரிப்பார்கள். கடைசிக் காய் வைக்கும்போது ஒருத்தனும் சிரிக்கமாட்டான். செஸ்ஸில் எல்லாம் பலகையில் வெளிச்சமாகக் கிடக்கும், ஒளிக்க ஒன்றுமில்லை. தீவானுக்கும் டொக்டரின் மகனுக்கும் ஒரே பதினாறு காய்தான். அந்த நியாயத்தை நம்பித்தான் லண்டனுக்கு வந்தேன். இங்கே செஸ் கிளப்பில் கோப்பை தந்தார்கள். கோப்பையில் போட்டுச் சாப்பிடச் சோறு தரவில்லை. அந்தக் கிளப்பில் பழக்கமான போலந்துக்காரன் மாரெக்தான் என்னைக் கசினோவுக்குக் கூட்டிப்போனான். போக்கரில் கையிலிருக்கும் இரண்டு கடதாசியும் எனக்கு மட்டும்தான் தெரியும். இல்லாததை இருக்கிறதாக மற்றவனை நம்பவைக்க வேண்டும். நம்பினவன் கடதாசியை வைத்துவிட்டு விலகுவான், நம்பாதவன் தன் பணத்தையும் முன்னே தள்ளுவான். முகம் அசையக்கூடாது. செஸ்ஸில் கணக்குப் பழகியவனுக்குச் சீட்டுக் கணக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. முகத்தைக் கட்டத்தான் கனகாலம் எடுத்தது. கட்டிய முகத்தைப் பிறகு வீட்டிலும் அவிழ்க்கத் தெரியவில்லை.

ஊரில் கடதாசி என்றால் எழுதுகிற தாளும் அதுதான், விளையாடுகிற சீட்டும் அதுதான். என் அம்மா வேலணை முழுக்க, "மகனுக்கு லண்டனில கடதாசி வேலை" என்று சொல்லி வைத்திருந்தா. சனம் பைல் பார்க்கிற கந்தோர் உத்தியோகம் என்று விளங்கிக்கொண்டது. அம்மாவுக்கும் அப்படித்தான் விளங்கியது என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது, மண்டைதீவிலிருந்து சூசை அண்ணை பஸ் ஏறி வந்தார். கடற்தொழில் செய்கிறவர். அவருடைய மகன் லண்டனில் அகதி வழக்கில் தோற்று, தடுப்பு முகாமில் இருந்தான். சூசை அண்ணை கதிரையில் நுனியில் இருந்துகொண்டு, பொலித்தீன் பையை என் மடியில் வைத்தார்.

"தம்பி, நீர் கடதாசி வேலை எண்டு அம்மா சொன்னவ. இவன்ர கேஸ் கடதாசியை ஒருக்காப் பாரும். உம்மட கையால ஒரு வரி எழுதினால் காணும்."

அம்மா குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்றா. கசினோவில் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன். ஆனால் இந்த மனிசன் கையில் இருந்ததையெல்லாம் என் முன்னால் விரித்து வைத்துவிட்டார். இவரோடு விளையாட ஏலாது.

"அண்ணை, எனக்குச் சட்டம் தெரியாது. நான் கடதாசி விளையாடுற ஆள். அதுதான் என்ர தொழில். லண்டனில ஒரு நல்ல லோயரைப் பிடிச்சுத் தாறன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறேன்.

"உதவ மனமில்லையெண்டால் நேர சொல்லும். நாங்கள் கடலுக்குப் போற ஆக்கள்தான், அதுக்காகப் பகிடி விடாதையும்." பையை இழுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். தேத்தண்ணியைத் தொடவில்லை. பிறகு ஆள்விட்டுக் கூப்பிட்டும் வரவில்லை.

அம்மா தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றினா.

"உண்மை சொல்ல உனக்கு வேற நாள் கிடைக்கேல்லையோ?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமலோ? கடதாசிக்குப் பின்னால வேலையை ஒட்டினது நான்தானே. விளையாட்டெண்டு சொல்லியிருந்தால் உன்ர தங்கச்சியை ஆர் கட்டியிருப்பான்?"

இத்தனை வருஷம் என் முகத்தைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அம்மாவின் முகத்தை ஒருநாளாவது படிக்கவில்லை.

சூசை அண்ணையின் மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த லண்டன் தம்பி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் பெடியன் தப்பியிருப்பான் என்று மண்டைதீவில் கதையாம். என்னிடம் கந்தோரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அதை ஒருவரும் நம்பத் தயாரில்லை.

போன கிழமை கசினோ மேசையில் இருக்கும்போது அம்மா போன் எடுத்தா. வீட்டில் ஆட்கள் நின்றிருக்க வேண்டும், குரல் உயர்ந்திருந்தது.

"தம்பி, கந்தோரிலயோ நிக்கிறாய்?"

"ஓமம்மா, கந்தோரிலதான்."

போனை வைத்தேன். அடுத்த ஆட்டத்துக்குக் கடதாசி வந்தது. என் கையில் ஒன்றும் இல்லை. இருக்கிறமாதிரி பந்தயச் சில்லுகளை முன்னே தள்ளினேன். எதிரே மாரெக். அவனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பத்து வருஷமாக ஒன்றும் காட்டாத என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்துக்கொண்டு தன்னுடைய சில்லுகளையும் தள்ளினான்.